கடனுக்கு வாங்கிக் கடையை மூடினோம்

இந்த வாரம் சம்பள விஷயம் எழுதப் போவதில்லை. வேலை நேரம், விடுமுறை, ஒழுகும் கூரை எல்லாவற்றையும் அடுத்த வாரத்திற்கு ஒத்தி வைத்துவிட்டு, ஓர் ஒட்டுக்கடையைப் பற்றி எழுதுகிறோம். சங்கக்காரனுக்குக் கடை விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. அதிலும், அந்தக் கடை மூடியதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று தெரிந்த பிறகு எழுதாமல் இருக்க மனம் ஒப்பவில்லை.

பீடோரிலிருந்து தெலுக் இந்தான் போகும் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் செம்பனைக்கு நடுவே ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். ஒரு காலத்தில் லயம் லயமாக நம்மவர்கள் இருந்த இடம். இன்று நாற்பது தமிழ் வீடுகள்கூட இல்லை. மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். கிளைக் கூட்டத்திற்கு அங்கே போகும்போதெல்லாம் கோயிலுக்கு எதிரே இருக்கும் கடையில்தான் நமக்குப் பசியாறல். இடியப்பம், தேங்காய்ப்பூ, நாட்டுச் சர்க்கரை. கூட ஒரு தே தாரேக். கடைக்காரத் தங்கை மருந்தடிக்கும் வேலை பார்த்தவர். கணவர் குலை வெட்டும்போது காலில் அடிபட்டு வீட்டோடு இருந்துவிட்ட பிறகு, ஒரு சிறுகடன் நிதியில் 3,000 வெள்ளி வாங்கிக் கடை போட்டார். மாவு பிழியும் இயந்திரம், ஆவிப்பானை, இரண்டாம் கை ஐஸ்பெட்டி, கேஸ் அடுப்பு, நான்கு நாற்காலி. அவ்வளவுதான் கடை.

சென்ற முறை போனபோது கடை மூடிக் கிடந்தது. நாற்காலிகளைக் கவிழ்த்துக் கட்டிப் போட்டிருந்தார்கள். உடம்புக்கு ஏதும் முடியவில்லையோ என்று வீட்டுக்குப் போய் விசாரித்தோம்.

“உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குண்ணே. கடையத்தான் மூடிட்டேன்.”

“ஏம்மா, யாவாரம் இல்லையா?”

“யாவாரத்துக்கு என்னண்ணே குறைச்சல்? காலையில ஒன்பது மணிக்கெல்லாம் பானை காலியாயிடும். காசுதான் இல்ல.”

சொல்லிவிட்டு உள்ளே போய் நான்கு சின்னக் கொப்பிகளைக் கொண்டு வந்து மேசைமேல் வைத்தார். 555 கொப்பி. மலாய்க்காரர்கள் ‘புக்கு தீகா லீமா’ என்பார்கள். சட்டைப் பையில் அடங்குகிற அந்தக் கொப்பியைத் தெரியாத தோட்டத்துக்காரன் உண்டா? பிறந்ததிலிருந்து நாம் சாப்பிட்டதெல்லாம் ஏதாவது ஒரு 555-இல் எழுதப்பட்டுத்தான் இருக்கும்.

உட்கார்ந்து கூட்டிப் பார்த்தோம். 38 வீட்டுப் பெயர்கள். சிலர் 12 வெள்ளி, சிலர் 90 வெள்ளி. நான்காவது கொப்பியின் பின்பக்கத்தில் ‘சங்கம்’ என்று ஒரு தலைப்பு. அதன் கீழே, ‘கூட்டம், 44 பொட்டலம், 132 வெள்ளி’. தேதியைப் பார்த்தோம். நான்கு மாதம் ஆகியிருந்தது. கிளையின் ஆண்டுக் கூட்டத்திற்கு நாம்தான் சொல்லிச் செய்யச் சொன்னோம். ரசீது வரட்டும், பணம் எடுத்துத் தருகிறோம் என்று பொருளாளர் சொன்னார். ரசீது எழுத அந்தத் தங்கையிடம் ரசீதுப் புத்தகம் இல்லை. பொருளாளரும் மறந்தார், நாமும் மறந்தோம். தொழிலாளியின் சம்பளத்தை ஏழு நாளைக்குள் கொடு என்று சட்டம் பேசுகிற நாம், ஒரு பெண்பிள்ளையின் கூலியை நான்கு மாதம் நிறுத்தி வைத்திருக்கிறோம். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

சங்கத்துக் கடனையும் சேர்த்து மொத்தம் 1,840 வெள்ளி. வாங்கிய கடனில் பாதிக்கு மேல் அந்த நான்கு கொப்பிகளில் இருந்தது. அதாவது நம் வீடுகளில், நம் வயிற்றில் இருந்தது.

அந்தக் கடையின் கணக்கைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நாள் ஒன்றுக்கு 110 வெள்ளிக்கு விற்பனை. மாவு, தேங்காய், சர்க்கரை, பால், கேஸ் எல்லாம் சேர்த்து 70 வெள்ளி செலவு. ஆக 40 வெள்ளி மிச்சம். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருக்கிறவருக்கு இது பெரிய காசில்லை, ஆனாலும் குடும்பம் நடக்கும். காகிதத்தில் பார்த்தால் நல்ல வியாபாரம். ஆனால் அந்த 110-இல் ஏறக்குறைய 60 வெள்ளி கொப்பியில் ஏறிவிடும். கையில் விழுவது 50. மறுநாள் சரக்குக்கு வேண்டியதோ 70. ஒவ்வொரு நாளும் 20 வெள்ளி உள்ளேயிருந்து எடுத்துப் போட வேண்டும். இதற்கு மேல் வாரா வாரம் கடன் தவணை 66 வெள்ளி. சம்பளம் போட்டவுடன் சிலர் முழுதாகத் தீர்த்துவிடுவார்கள். பலர் பாதி கொடுத்துவிட்டு, அன்றைக்கே மறுபடி எழுதச் சொல்லுவார்கள். இலாபம் வருகிற கடை முதல் இல்லாமல் செத்துப்போவது இப்படித்தான்.

“ஆலோங்கிட்ட போயிருந்தா கடை இன்னும் ரெண்டு மாசம் ஓடியிருக்கும்ணே. அப்புறம் நாங்களும் வீட்ட விட்டு ஓடியிருப்போம்” என்றார் அந்தத் தங்கை. புத்திசாலி. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரர் ஈடில்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டிற்கு மேல் வாங்கக்கூடாது என்பது சட்டம். ஆலோங்குக்குச் சட்டமும் கிடையாது, ஆண்டுக் கணக்கும் கிடையாது, வாரக் கணக்குத்தான்.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டபோது உண்மையிலேயே நமக்கு வலித்தது. “வங்காளப் பசங்க ரொக்கம் குடுத்துட்டுப் போறாங்கண்ணே. ஆறு வெள்ளின்னா ஆறு வெள்ளி. நம்ம ஆளுங்கதான் ‘எழுதிக்க தங்கச்சி’ன்னுட்டுப் போறாங்க. எப்படி இல்லேன்னு சொல்றது? எல்லாம் மாமன் மச்சான்.”

முகம் தெரியாதவன் காசு கொடுக்கிறான். உறவுக்காரன் கடன் சொல்கிறான். அந்த வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும் இல்லையென்றால் கடை இரண்டாவது மாதமே மூடியிருக்கும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது நம் தாயாரின் நினைவு வந்தது. 1990 வாக்கில் நாம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு. அம்மா பால் வெட்டிவிட்டு வந்து, சம்பள நாளில் பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் வடையும் கடலையும் போடுவார். எழுதப் படிக்கத் தெரியாது. கடன் சொல்கிறவர்களுக்குக் கொப்பியில் படம் போட்டு வைப்பார். தென்னை மரம் என்றால் கடைசி லயத்து வீடு. சைக்கிள் என்றால் தபால் எடுத்து வருபவர். குடை ஒன்று இருந்தது, அது யார் என்று நமக்கு இன்றுவரை தெரியாது. பள்ளிவிட்டு வந்ததும் அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் தொகை எழுதுவது நம் வேலை. வாத்தியார் கற்றுக் கொடுத்த கூட்டல் கழித்தலைவிட அந்தக் கொப்பியில் கற்றதே அதிகம். தோட்டம் விற்கப்பட்டு ஆட்கள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறியபோது கொப்பியில் 300 வெள்ளிக்கு மேல் நின்றது. அம்மா யாரையும் திட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வடைச் சட்டியைத் தொடவும் இல்லை.

அந்த நாளில் ஒரு வசதி இருந்தது. சம்பளம் தோட்டத்து ஆபீஸ் மேசையிலேயே ரொக்கமாகக் கொடுப்பார்கள். வெளியே வந்தால் சந்தை. துணிமூட்டை பாய், வளையல்காரர், மீன் மோட்டார்சைக்கிள், சீனர் காய்கறி லோரி, அதோடு நம் அம்மாவைப் போல வடை, முறுக்கு, பலகாரம் விற்கும் தோட்டத்துப் பெண்கள். பணம் கைக்கு வந்த இடத்திலேயே பாதிக் கடன் தீர்ந்துவிடும். கடன்காரனைக் கண்டுகொள்ளாமல் யாரும் நடந்து போக முடியாது. சந்தையில் அடாவடியும் இருந்தது, கள்ளுக்கடைக்குப் போன பணமும் உண்டு. அந்தக் காலமே பொற்காலம் என்று நாம் சொல்ல வரவில்லை.

இன்று சம்பளம் வங்கியில் விழுகிறது. நல்லதுதான். கிராணி கையில் காசு பிடிபட்டுக் குறைகிற பேச்சு இல்லை. ஆனால் பணத்தை எடுக்கப் பட்டணத்துக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து காரில் போகிறார்கள். இயந்திரத்தில் கார்டை நுழைத்துப் பணம் எடுத்த கையோடு எதிரே பேரங்காடி. அரிசி, எண்ணெய், சாமான், பிள்ளைக்குச் சட்டை, திரும்புகிற வழியில் கோழி. தோட்டத்துக்கு வந்து சேரும்போது எஞ்சியதுதான் தோட்டத்துக் கடைக்கு. பட்டணத்தில் எவனும் 555 கொப்பியில் எழுதிக்கொண்டு சாமான் தரமாட்டான். அங்கே ரொக்கம், இங்கே ‘எழுதிக்க’. பேரங்காடிக்கு நாம் கைமேல் காசு கொடுப்பதற்கு இடியப்பக்காரத் தங்கை வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். யோசித்துப் பாருங்கள்!

2025-ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. அதற்குக் கைதட்டினோம். வீட்டுக்கு ஒருவர் மட்டுமே வேலை செய்கிறார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 38 வீடுகளுக்கு மாதம் 64,600 வெள்ளி. பிடித்தம் போகட்டும், வேலைக்குப் போகாத நாளும் போகட்டும். மிச்சத்தில் எத்தனை வெள்ளி தோட்டத்துக்குள் ஒரு சுற்றாவது சுற்றுகிறது? தையல் தெரிந்த பெண் இருக்கிறார், துணி தைக்கப் பட்டணம். முடி வெட்டத் தெரிந்த பையன் இருக்கிறான், முடி வெட்டப் பட்டணம். மோட்டார்சைக்கிள் பழுது பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறார், அவரிடம் போனால் “அப்புறம் தர்றேன் மச்சான்”. சங்கம் போராடி வாங்கிய உயர்வு தோட்டத்து வாசலைத் தாண்டி ஒரே நாளில் வெளியேறுகிறது. அதனால்தான் இது சங்கத்தின் விஷயமும் ஆகிறது.

ஒரு காலத்தில் கொப்பி நம் கழுத்தில் கட்டிய கயிறாக இருந்தது. தோட்டத்துக் கடைக்காரர் எழுதியதே கணக்கு, சம்பளம் வந்ததும் நேரே அவருக்கு. 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம், சம்பளத்தை எங்கே, யாரிடம் செலவழிக்க வேண்டும் என்று முதலாளி நிபந்தனை போடக்கூடாது என்றது. 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தோட்டம் தோட்டமாகப் போய், தொழிலாளியின் சிறு சேமிப்பைப் பங்காகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். துண்டாடலில் வீதிக்கு வந்த காலம் அது. நம் தாத்தா பாட்டிமார் பசியில் இருந்துகொண்டே அந்தப் பணத்தைக் கட்டினார்கள். கூலிக்காரன் காசு சேர்ந்தால் தோட்டமே வாங்கும் என்று காட்டிய சமுதாயம், இன்று 48 வெள்ளி பாக்கியால் ஒரு கடையை மூடுகிறது.

சரி, என்ன செய்தோம்? முதலில் 132 வெள்ளியைப் பொருளாளரும் நாமும் ஆளுக்குப் பாதியாக அன்றைக்கே கொடுத்துவிட்டு, ரசீதுப் பிரச்சினையைப் பிறகு பார்த்துக்கொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் கொட்டகையில் கூட்டம். தகவல் பலகையில் கடன் பெயர்ப் பட்டியலை ஒட்டிவிடலாம் என்றார் ஒரு தம்பி. வேண்டாம் என்று தடுத்துவிட்டோம். மானத்தை வாங்கிக் கடன் வாங்க முடியாது.

கூட்டம் அமைதியாக நடந்தது என்று சொல்ல மாட்டோம். “டவுன்ல இடியப்பம் இருபது காசு கம்மி” என்றார் ஒருவர். “டவுனுக்குப் போக எண்ணெய்க் காசு யார் குடுக்கறது?” என்றார் அவர் மனைவியே. எல்லாரும் சிரித்துவிட்டார்கள். “சொந்தக்காரங்ககிட்ட இவ்வளவு கறார் பேசணுமா?” என்று ஒரு பெரியவர் கோபித்துக்கொண்டார். அதற்கு அந்தத் தங்கை, “மாமா, கறாரா பேசியிருந்தா கடை இருந்திருக்கும்” என்றார். பெரியவர் பிறகு பேசவில்லை. அவர் பாக்கி 76 வெள்ளி.

கடைசியில் இப்படி ஒத்துக்கொண்டார்கள். பழைய பாக்கியை மூன்று சம்பளத்தில் தீர்ப்பது. புதிய கடன் வீட்டுக்கு 30 வெள்ளிக்கு மேல் ஏறக்கூடாது. ஏறினால் கொப்பி மூடிவிடும், யாராக இருந்தாலும் சரி. சம்பளம் விழுந்த அன்று பட்டணத்துக்குப் போகும் முன்பே, கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பத் தெரிந்தவர்கள் அனுப்பிவிடுவது. தெரியாதவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் செய்து கொடுப்பது. கோயில் விசேஷத்துக்கும் சங்கக் கூட்டத்துக்கும் பலகாரம் செய்யச் சொன்னால் பாதிப் பணம் முன்பணம். இந்த விதியைச் சங்கத்துக்காகவே போட்டார்கள் என்பது நமக்குப் புரியாமல் இல்லை.

கடைசி லயத்தில் தனியாக இருக்கும் ஒரு பாட்டி பற்றி மட்டும் முடிவுக்கு வர முடியவில்லை. 64 வெள்ளி பாக்கி. வருமானம் கிடையாது. கோயில் நிதியிலிருந்து கட்டலாம் என்றார் ஒருவர், அது தப்பான பழக்கம் என்றார் இன்னொருவர். கடைசியில் தங்கைதான், “பாட்டி பக்கத்த நான் கிழிச்சிட்டேன். இனிமே அவங்களுக்கு எழுத மாட்டேன், சும்மாவே குடுப்பேன்” என்றார். தர்மத்தைத் தர்மம் என்று தெரிந்து கொடுப்பது வேறு. நல்ல சம்பளம் வாங்குகிறவன் உறவைச் சொல்லிக் கடன் வைப்பது வேறு.

மூன்று மாதம் கழித்துக் கணக்குப் பார்த்தோம். 1,840-இல் 1,270 வெள்ளி வந்துவிட்டது. இரண்டு குடும்பம் தோட்டத்தை விட்டுப் போய்விட்டது, அந்தப் பணம் வராது. கடை காலையில் மட்டும் திறக்கிறார். மாலைக் கடைக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நிதிக் கடனில் இரண்டு வாரத் தவணை பின்தங்கி இருக்கிறது. நாற்காலி நான்கிலிருந்து மூன்றானது, ஒன்றை விற்றுவிட்டார்.

கடை போட நினைக்கும் சகோதரிகளுக்கு நம் அனுபவத்திலிருந்து சில வார்த்தை. கடன் எங்கே கிடைக்கும் என்றே எல்லாரும் கேட்கிறார்கள். இடம் இல்லாமல் இல்லை. 1987 முதல் அமானா இக்தியார் இருக்கிறது. ஈடு கேட்பதில்லை, குழுவாகச் சேர்ந்து வாரா வாரம் கட்டுவது அதன் பழைய முறை. இந்தியப் பெண்களுக்கென்று 2024-இல் ‘பெண்’ என்ற பெயரில் அதில் ஒரு திட்டமும் வந்தது. 1998-இல் தொடங்கிய தெக்குனில் நம்மவர்களுக்கென்று ஸ்பூமி திட்டம் உண்டு. போவதற்கு முன்னால் வியாபாரத்தை எஸ்.எஸ்.எம்-இல் பதிந்துகொள்ளுங்கள். கடைக்குப் பெயர் வைத்துப் பதிந்தால் ஆண்டுக்கு 60 வெள்ளி, சொந்தப் பெயரிலேயே என்றால் 30 வெள்ளி. சாப்பாட்டுக் கடை என்றால் டைபாய்டு ஊசியும், உணவு கையாள்வோர் வகுப்பும் கட்டாயம். கடை போடும் இடம் தோட்டத்து நிலம் என்றால் நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பெரிய துரை வாயால் சொன்னது அடுத்த துரை வந்ததும் காற்றோடு போய்விடும். மாட்டுக் கொட்டகை கட்டியிருந்தவர்கள் பலர் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

ஆனால் இந்தப் பாரங்கள் எல்லாம் ஒரு பக்கம்தான். எவ்வளவு கடன் வாங்கலாம் என்று கணக்குப் போடும்போதே, எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்றும் போடுங்கள். 3,000 வாங்கினால் அதில் 300-க்கு மேல் கொப்பியில் நிற்க விடாதீர்கள். முதல் நாளே பலகையில் எழுதி மாட்டிவிடுங்கள். மூன்றாவது மாதம் மாட்டினால் சண்டை வரும்.

அந்தத் தோட்டத்தின் அடுத்த கிளைக் கூட்டம் வழக்கம்போல ஞாயிறு காலை பத்து மணிக்கு, கோயில் கொட்டகையில். பதிவுப் பாரமும் கடன் பாரமும் நிரப்ப உதவி வேண்டுபவர்கள் அடையாள அட்டை நகலோடு வாருங்கள், நாமும் செயலாளரும் இருப்போம். ஏற்கெனவே கடை வைத்திருப்பவர்கள் தங்கள் 555 கொப்பியையும் எடுத்து வாருங்கள், சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். பசியாறல் எதிர்க் கடையில். 40 பொட்டலத்துக்குப் பாதிப் பணம் கொடுத்தாயிற்று, இந்த முறை ரசீதும் வாங்கியாயிற்று.